கடல் இருக்கும் பக்கம்

போனைத் தொடக் கூடாது, அதுதான் பந்தயம், கைப்பைக்குள்ளேயே கிடக்கட்டும், எனக்குக் கால் இருக்கிறது, கண் இருக்கிறது, தூத்துக்குடியில் பிலோமினா டீச்சர் என்று சொன்னால் ஒரு மைதானமே நிமிர்ந்து நிற்கும், அப்படிப்பட்டவள் இந்தக் கோபே நகரத்தில் வீட்டிலிருந்து துறைமுகத்துப் பூங்கா வரைக்கும் தனியாக நடந்துபோய்ச் சேர முடியுமா என்று பெற்ற மகள் பரீட்சை வைத்திருக்கிறாள். ரெக்சலினுக்கு அந்தப் பூங்காவுக்குப் பக்கத்தில்தான் ஆபீஸ், கப்பல் கம்பெனி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் சிவப்புக் கோபுரத்துக்கு அடியில் நிற்பேன் என்றாள். நான் போய்ச் சேர்ந்துவிட்டால் திங்கட்கிழமை மறதி டாக்டரும் கிடையாது, சென்னை டிக்கெட்டும் கிடையாது. சேராவிட்டால் இரண்டும் உண்டு. சென்னை என்றால் வேளச்சேரி, மகன் ஆல்வின் வீடு, பின்பக்க அறை. மருமகள் நல்லவள், அதுதான் கஷ்டமே, கோபித்துக்கொள்ளக்கூட இடம் கொடுக்க மாட்டாள். ஹாலில் கேமரா, வாசலில் கேமரா, இப்போது அந்தப் பின்பக்க அறைக்கும் ஒன்று வாங்கிவிட்டார்களாம், அம்மா எழுந்தாளா, நடந்தாளா, கதவைத் திறந்தாளா என்று ஆல்வின் ஆபீசில் இருந்தபடியே பார்ப்பானாம். காலமெல்லாம் பிள்ளைகளை விசிலடித்து மேய்த்த விளையாட்டு டீச்சரைப் பெட்டிக்குள் போட்டுப் பார்க்கப்போகிறார்கள். அன்போடுதான் பார்ப்பார்கள், தெரியும், அன்பு இல்லை என்று யார் சொன்னது.

இந்தக் கிதானோ மேட்டில் எல்லாம் பழைய வெள்ளைக்காரர் வீடுகள், பச்சைச் சன்னலும் செங்கல் சுவருமாக, ஒன்றின் கூரை உச்சியில் காற்றுக்குத் திரும்புகிற இரும்புச் சேவல் ஒன்று நிற்கிறது, அதைப் படம் பிடிக்க தினமும் கூட்டம். காற்று எப்படி அடித்தாலும் அது திரும்பிக்கொண்டே இருக்கிறது, அதை யாரும் டாக்டரிடம் கூட்டிப்போவதில்லை. இறக்கம் முழங்காலைப் பிடிக்கிறது. பிடிக்கட்டும், முழங்காலுக்கு டாக்டரிடம் போக எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, தலைக்குப் போவதுதான். போன மாதம் வந்த புதிதில், ஒரு வாரம்கூட ஆகவில்லை, ரெக்சியும் நானும் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்தோம், முடிந்ததும் அவளுக்கு ஆபீசிலிருந்து அழைப்பு, ஏதோ கப்பல் முன்கூட்டியே வந்துவிட்டதாம், ஓடினாள். ஓடுகிறபோது போனில் வரைபடத்தைப் பார்த்துச் சொன்னாள், கோயில் வாசலிலிருந்து மேற்கே நேராக நடங்கள், இரண்டாவது சிக்னலில் நம் வீடு. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும். எங்கள் ஊரில் பந்தியில் உட்கார்ந்திருப்பவரைக்கூட கொஞ்சம் மேற்கே தள்ளி உட்காரும் என்றுதான் சொல்வோம், திசையைச் சொல்லி எனக்குத் தப்பியதே இல்லை. மேற்கே நடந்தேன். நடந்தேன், ஏறினேன், சிக்னல் வந்தது, இரண்டாவது சிக்னல் வரவில்லை, வீடுகள் குறைந்தன, படிக்கட்டு வந்தது, மரம் வந்தது, கடைசியில் காட்டுப்பன்றி படம் போட்ட எச்சரிக்கைப் பலகை வந்தது. போனில் உயிர் இல்லை. இருட்டுகிற நேரத்தில் போலீஸ்காரப் பையன் ஒருவன் வண்டியில் ஏற்றி, இடுப்பு பெல்ட்டைக்கூட அவனே மாட்டிவிட்டுக் கூட்டி வந்தான். ரெக்சி வாசலில் செருப்பில்லாமல் நின்றாள். மேற்கே என்றுதானே அம்மா சொன்னேன், ஏன் மலையில் ஏறினீர்கள் என்றாள். மேற்கேதான் போனேன் என்றேன். இல்லை அம்மா என்றாள். மேற்கேதான் போனேன் என்று மறுபடியும் சொன்னேன். அப்போது அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். வழி தவறினதற்கு அவள் பயப்படவில்லை, தவறவில்லை என்று நான் சாதித்ததற்குத்தான் பயந்தாள்.

பயப்படத்தான் செய்வாள், பெரியக்கா செசிலியை அவளும் பார்த்தவள்தானே. அக்காவும் இப்படித்தான் சாதிப்பாள். அந்தியில் எழுந்து வந்து விடிந்துவிட்டது, காபி போடு என்பாள், இல்லைக்கா, சாயங்காலம் என்றால், எனக்குத் தெரியாதா வெயிலு என்பாள். ஒருநாள் காணாமல் போய், திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் பூக்காரிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவளை நான்தான் போய்க் கண்டுபிடித்தேன். அக்கா, நான் பிலோ வந்திருக்கேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பிலோ சின்னப்பிள்ளைல்லா" என்றாள். அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள், வேற்றாளிடம் பேசுகிற மாதிரி. அந்தச் சொல் இன்னும் காதில் இருக்கிறது, ராத்திரி புரண்டு படுத்தால் அந்தக் காதுப் பக்கம் வந்து நிற்கிறது. எனக்கும் வந்துவிட்டதா. அக்காவுக்கும் ஆரம்பத்தில் தெரிந்திருக்குமா, தெரிந்துதான் சாதித்தாளா. வேண்டாம், இப்போது வேண்டாம், ரோட்டைப் பார், பிலோமினா. பள்ளிவாசல் வந்துவிட்டது, இரண்டு கோபுரமும் பளிச்சென்று இருக்கிறது, ரெக்சி சொன்ன முதல் அடையாளம் இது. பள்ளிவாசல், அப்புறம் டோர் ரோடு, அப்புறம் ரயில் பாலம், பாலத்தைத் தாண்டிப் பெரிய கடை, அதற்கு எதிரே கூரை போட்ட கடைத்தெரு, அதற்குள் கொஞ்சம் நடந்து கடல் பக்கம் திரும்பினால் சைனாக்காரத் தெரு, அதையும் தாண்டினால் பூங்கா. ஜெபமாலை சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வருகிறேன், ஒரு மணியும் விடவில்லை.

டோர் ரோடு நல்ல ரோடு, சும்மா சொல்லக் கூடாது. சரிவாகக் கீழே இறங்குகிறது, இரண்டு பக்கமும் தொப்பிக் கடை, உடுப்புக் கடை, ரொட்டிக் கடை, ரொட்டி மணம் தெருவையே தூக்குகிறது, தூத்துக்குடி மக்ரூன் கடை வாசலில்கூட இப்படி மணக்காது என்று சொல்ல வாய் வருகிறது, சொல்ல மாட்டேன், ஊருக்குத் துரோகம். பெண்கள் குதிகால் செருப்பில் இந்தச் சரிவை எப்படி ஏறுகிறார்களோ, ஒருத்தியும் மூச்சு வாங்குவதில்லை, என் பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் ரிலேயில் எடுத்திருப்பேன். வெயில் முகத்தில் அடிக்கிறது. கீழே கட்டிடங்களுக்கு மேலே, கடல் இருக்கும் பக்கத்தில், சூரியன் நிற்கிறது. நல்ல காலைச் சூரியன். காலையா. நான் கிளம்பியதே வீட்டைக் கூட்டிப் பெருக்கி, குளித்து, சோறு வடித்து வைத்துவிட்டுத்தானே, ரெக்சியின் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தானே போகிறேன். உச்சிப் பொழுதில் சூரியன் ஏன் கிழக்கே நிற்கிறது. எங்கள் பள்ளி மைதானத்தில் காலை அணிவகுப்பில் கடலைப் பார்த்துப் பிள்ளைகளை நிறுத்துவேன், வெயிலில் எல்லோரும் கண்ணைச் சுருக்குவார்கள், அது காலை, கடலுக்கு மேலே சூரியன் நின்றால் அது காலை, சாகும்வரை அது காலை. எனக்குத் தெரியாதா வெயிலு. ஐயோ, இது அக்கா சொன்னதல்லவா. நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சுற்றிப் போகிறார், நின்றது நான், மன்னிப்பு அவர் கேட்கிறார். மாதாவே, இது காலையா மதியமா. கடைச் சன்னலுக்குள் ஒரு கடிகாரம் இருந்தது, மதியம்தான் என்றது. அப்படியென்றால் சூரியன் தப்பு, இல்லையென்றால் நான் தப்பு. சூரியன் எங்கே தப்பாக இருக்கப்போகிறது.

நடக்கிறேன், நிற்கத்தான் பயமாக இருக்கிறது. ரயில் பாலத்துக்கு அடியில் போகும்போது மேலே ரயில் போகிறது, அந்தச் சத்தம் நல்லது, தலைக்குள் பேசுகிறதைக் கொஞ்ச நேரம் அமுக்குகிறது. பெரிய கடை வந்தது, மோட்டோமாச்சி என்று எழுதிய கூரை போட்ட கடைத்தெரு வந்தது, நுழைந்தேன். அழகான இடம்தான், தரை துடைத்த மாதிரி, மேலே வளைந்த கண்ணாடிக் கூரை, பேனாக் கடை, முத்துக் கடை, முத்தைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றேன், முத்துக் குளித்த ஊர்க்காரி முத்துக் கடையைத் தாண்டிப் போக முடியுமா, அதற்குள் மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள், அவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கினேன், திரும்பினேன், அவர்கள் போய் முடித்தபோது எந்தப் பக்கமிருந்து வந்தேன் என்பது போய்விட்டது. இங்கே மலை தெரியவில்லை, வெயில் தெரியவில்லை, இறக்கமும் இல்லை, தரை சமம். கடல் பக்கம் திரும்பு என்றாள். கடல் எந்தப் பக்கம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சந்துகள். வழிகாட்டிப் பலகை ஒன்று நின்றது, அதில் ஒரு மூலையில் நான்கு திசைக்கும் அம்பு, கிழக்குக்கு இங்கிலீஷ் எழுத்து, அப்பாடா என்றேன், கடல் கிழக்கு, அந்த அம்பு போன பக்கமே கடைத்தெருவோடு நடந்தேன். நடந்து நடந்து எங்கே வந்தேன் தெரியுமா, பெரிய கடைக்கு எதிரே. புறப்பட்ட இடத்துக்கே. கடல் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய கடை. திரும்ப உள்ளே போய் அதே பலகையைப் பார்த்தேன், அதே அம்பு, அதே கிழக்கு. பலகை பொய் சொல்லாது, இவ்வளவு ஒழுங்கான ஊரில் பலகை பொய் சொல்லாது. அப்படியென்றால் என் தலைதான். தலைக்குள் எதுவோ கழன்றுவிட்டது, வந்த இடத்துக்கே வந்து நிற்கிறேன், அக்காவும் இப்படித்தான் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி வந்தாளாம், பூக்காரி சொன்னாள். கைப்பைக்குள் போன் இருக்கிறது. தொட்டால் முடிந்துவிடும். ரெக்சி ஓடி வருவாள், திட்ட மாட்டாள், கையைப் பிடித்துக்கொள்வாள், அந்தப் பிடி இனி விடாது. கைப்பையின் ஜிப்பைத் திறந்துவிட்டேன். மூடு. மூடினேன்.

பக்கத்தில் ஒரு தேயிலைக் கடை, வாசலிலேயே இலையை வறுக்கிறார்கள், அந்தப் புகை மூக்கில் ஏறியதும் கொஞ்சம் நிதானம் வந்தது. கடைக்காரப் பெண் சின்னக் குவளையில் தேநீரை நீட்டினாள், வருகிற போகிற எல்லோருக்கும் நீட்டுகிறாள், வாங்கிக் குடித்தேன், சர்க்கரையும் இல்லை பாலும் இல்லை, போகட்டும். கேட்டுவிடலாம், கேட்பதற்குத் தடை இல்லை, பந்தயம் போனோடுதான். ஈஸ்ட் என்றேன். அவள் தலையைச் சாய்த்து யோசித்தாள், உள்ளே பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், சொந்த ஊரில் கிழக்கு எது என்று தெரியாத பெண்ணா என்று நினைத்தேன். கடைசியில் கடைத்தெருவோடு, பெரிய கடைப் பக்கம், சந்தேகமாகக் கையை நீட்டினாள். சரி, பலகை சொன்னதைத்தான் இவளும் சொல்கிறாள். அப்படியென்றால் கடலைக் கேட்போம். கடலுக்கு இவர்கள் உமி என்பார்கள், நெல்லு உமி என்று நான் ஞாபகம் வைத்திருந்தேன். "உமி?" என்றேன். இதற்கு அவள் யோசிக்கவே இல்லை. மறு கை சட்டென்று எழுந்தது, கடைத்தெருவுக்குக் குறுக்கே, எதிர்ச் சந்துக்கு நேராக. கூடவே முதுகுப் பக்கம் கட்டைவிரலைக் காட்டி மலை என்றாள், யாமா. கடல் பக்கம், மலைப் பக்கம் என்று இரண்டு தடவை சிரித்துக்கொண்டே சொன்னாள், இந்த ஊரில் எல்லோருக்கும் அதுதான் திசை போலிருக்கிறது. எனக்கு அவள் பேச்சு ஓடவில்லை. நான் அவள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்கைக் காட்டிய கையை அவள் இன்னும் இறக்கவில்லை. ஒரு கை கிழக்கு. ஒரு கை கடல். இரண்டும் வேறு வேறு பக்கம்.

கடல் கிழக்கே இல்லை. கடல் கிழக்கே இல்லாத ஊர் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று பூகோளப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், பிள்ளைகளுக்குப் பூகோள டீச்சர் வராத நாளில் பாடமே எடுத்திருக்கிறேன், ஆனால் உடம்புக்கு யார் சொன்னது. பிறந்ததிலிருந்து கடல் என்றால் கிழக்கு, கடலுக்கு முதுகைக் காட்டினால் மேற்கு, கண்ணைக் கட்டி விட்டாலும் கால் அப்படித்தான் திரும்பும். இங்கே கடல் தெற்கே கிடக்கிறது. அதனால்தான் உச்சிச் சூரியன் கடலுக்கு மேலே, குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்துதானே நிற்கும், அது தன் இடத்தில்தான் நிற்கிறது, நானும் என் இடத்தில்தான் நின்றேன். அதனால்தான் மலை. மேற்கே என்று ரெக்சி சொன்னாள், நான் கடலுக்கு முதுகைக் காட்டி நடந்தேன், கடலுக்கு முதுகைக் காட்டினால் இங்கே மலை, காட்டுப்பன்றி, போலீஸ்காரப் பையன், எல்லாம் ஒரே கணக்கு. தலையில் ஒன்றும் கழலவில்லை. தலை அப்படியே தூத்துக்குடியில் இருக்கிறது, அதை ஒரு கால்வட்டம் திருப்பினால் போதும், வலப்பக்கம் திரும்பு என்று மைதானத்தில் சொல்கிற அதே திருப்பம். சிரித்துவிட்டேன். வாய்விட்டு, கடைத்தெருவின் நடுவில், அவ்வளவு பேருக்கு முன்னால். அந்தப் பெண்ணும் என்ன ஏது என்று தெரியாமல் சேர்ந்து சிரித்தாள், இன்னொரு குவளை தந்தாள், அதையும் குடித்தேன், இப்போது அது இனித்தது என்று சொன்னால் பொய், ஆனால் நன்றாக இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எத்தனை ராத்திரி, எத்தனை ராத்திரி தலையணையில் ஆல்வின் பெயர், ரெக்சி பெயர், என் பெயர் என்று சரிபார்த்துக்கொண்டு கிடந்தேன்.

எதிர்ச் சந்தில் இறங்கினேன், சைனாக்காரத் தெரு. சிவப்பு விளக்கு, தங்க எழுத்து, ஆவி பறக்கிற மூங்கில் தட்டுகள், பன்றிக்கறி வைத்த வெள்ளை அப்பத்துக்கு வாலாக நீளும் வரிசை, நான் வரிசையில் நின்று ஒன்று வாங்கினேன். நேரமாகிறது, ஆகட்டும், ஜெயித்தவள் வெறும் வயிற்றோடு போக முடியாது. நாக்கைச் சுட்டது. கூட்டம் இடிக்கிறது, ஒருத்தி கையைப் பிடித்து இழுத்துக் கடைக்குள் வா என்கிறாள், பின்னால் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறான், இந்தத் தெருவில் மட்டும் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை, நம்ம ஊர்ச் சந்தைக்கு வந்த மாதிரி முழங்கையை விரித்து நடந்தேன். கடல் தெற்கு, கடல் தெற்கு. சொல்லச் சொல்ல ஊரே என்னைச் சுற்றித் திரும்பி உட்காருகிறது, எங்கள் வீடு நகர்ந்து தன் இடத்துக்கு வருகிறது, கோயில் வருகிறது, டோர் ரோடு நேராகிறது. அக்காவுக்கு இப்படி ஒரு கையும் நீளவில்லையே. அவளுக்கு எந்தக் கை நீண்டும் ஒன்றும் ஆகியிருக்காது, அவளுக்கு வந்தது வேறு, அது நிஜமாகவே வந்தது. எனக்கும் ஒருநாள் வரலாம், வராது என்று எழுதிக் கொடுக்க யாரும் இல்லை. வரட்டும், வருகிற அன்றைக்குப் பார்த்துக்கொள்வேன், இன்றைக்கு வரவில்லை. பெரிய ரோடு வந்தது, மேலே இன்னொரு ரோடு தூண்களில் ஓடுகிறது, லாரிகள், பச்சை விளக்கு, கடந்தேன். உப்புக் காற்று. அந்தக் காற்று முகத்தில் பட்டதும் நான் நடக்கவில்லை, ஏறக்குறைய ஓடினேன், முழங்காலாவது ஒன்றாவது.

சிவப்புக் கோபுரத்துக்கு அடியில் ரெக்சி நின்றாள். ஆபீஸ் அட்டை கழுத்தில் தொங்க, கையில் போனைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நான் வராத பக்கங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். அம்மா, வந்துட்டீங்களா என்றாள், குரல் பாதியில் உடைந்தது. அவளுக்கு மூச்சு விட நேரம் கொடுக்கவில்லை நான்.

"கெழக்கு எதுளா, காட்டு பாப்போம்."

போனைத் தூக்கினாள். போனைப் பார்க்காமல் காட்டு என்றேன். இது என்ன பரீட்சை என்பதுபோலப் பார்த்தாள், பிறகு சுற்றிப் பார்த்தாள், அவள் கை தானாக எழுந்து, நேராகக் கடலைக் காட்டியது. நாலு வருஷமாக இந்த ஊரில் கப்பல் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், அவள் கையும் கடலைத்தான் காட்டியது. நான் அந்தக் கையைப் பிடித்து, மெதுவாக, இடப்பக்கமாகத் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்தினேன். இதுதான் கிழக்கு என்றேன். இங்கே கடல் தெற்கே இருக்கிறது, நீயே பார் என்றேன். இப்போது போனைப் பார்த்தாள். வரைபடத்தையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கோயில் வாசல், மலை, போலீஸ் வண்டி, எல்லாம் வரிசையாக.

"அப்ப அன்னைக்கு நீங்க."

"மேக்கதாம்ளா போனேன். நம்ம ஊரு மேக்க."

அழுதாள். ஆபீஸ் உடுப்போடு, ஆட்கள் படம் பிடித்துக்கொண்டிருக்கிற இடத்தில், சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள், நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு என் முன்னாலேயே ஆல்வினைக் கூப்பிட்டாள், அங்கே அவன் ஏதோ மீட்டிங்கில் இருந்தான் போல, அம்மாவுக்கு ஒன்றுமில்லை அண்ணா, அம்மா வரவில்லை, அந்தக் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டு, அவன் கேள்வி கேட்பதற்குள் வைத்தாள். டாக்டர் தேதியையும் அழித்தாள், அழித்ததை என்னிடம் காட்டினாள். சாப்பிடலாமா அம்மா என்றாள், நான் அப்பம் சாப்பிட்டாயிற்று என்றேன். அப்படியென்றால் டாக்சி பிடித்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன் என்றாள், பழக்க தோஷம், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தண்ணீரை ஒட்டியே தள்ளி ஒரு ராட்சச ராட்டினம் தெரிந்தது, கடைகளும் மரப் பலகை போட்ட நடைபாதையுமாக ஹார்பர்லேண்ட் என்கிற இடமாம், நான் போனதில்லை. அது மேற்கே இருக்கிறது, அங்கே போய்ச் சுற்றிவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன், நீ ஆபீசுக்குப் போ என்றேன். சரிம்மா என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், வழியைக்கூடச் சொல்லவில்லை. நான் கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம் போனதும் எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, பின்னால் வருகிறாளா, மறைந்து நின்று பார்க்கிறாளா என்று திரும்பினேன். ரெக்சி ஆபீசைப் பார்த்து விடுவிடுவென்று போய்க்கொண்டிருந்தாள், தலைமுடி காற்றில் பறக்க, கையில் இருந்த போனைப் பைக்குள் போட்டபடி. திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். கட்டிடத்துக்குள் நுழையும் வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.